பேதிக்கு வாங்கின மண்ணெண்ணெய்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை, 1986 ஆவணி.

அன்புள்ள மச்சான் விவேகானந்தனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நல்லூர்க் கந்தன் கிருபையால் அது இன்றைக்கு ஏறக்குறைய உண்மை. நீரும் வீட்டாரும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டும். உமது கடிதம் வழியில் யாரோ பிரித்து வாசித்து, பசை பூசி ஒட்டி, மிகவும் களைத்துப்போய் வந்து சேர்ந்தது. "அத்தான், அக்காவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்திடுங்கோ, இஞ்ச எங்கட சனம்" என்று முதற் பக்கத்தில் எழுதியிருந்தீர். மறுபக்கத்தில், வளவுக்குள் பதுங்குகுழி வெட்டியதையும், அதில் மழைத்தண்ணீர் நின்றதையும், பக்கத்து வீட்டு ஆடு அதற்குள் விழுந்ததையும் எழுதியிருந்தீர். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் நான். இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். நாங்கள் வரமாட்டோம் என்றே விடை வருகிறது.

இங்கே வாந்திபேதி பரவியதும், உமது அக்கா மங்களேஸ்வரி ஆஸ்பத்திரியில் கிடந்ததும் இதற்குள் உமது காதுக்கு எட்டியிருக்கும். அதற்குக் காரணம் நான்தான் என்றும் சொல்லியிருப்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆகவே நடந்ததை நானே ஒழுங்காக எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் நீரும் அதையேதான் சொல்லுவீர், இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் சுகாதாரப் பரிசோதகர் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பாலத்தடியால் போனார். ஆற்றோரத்துக் குடிசைகளில் பேதி தொடங்கிவிட்டது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள் என்று சிங்களத்திலே சொல்லிப்போட்டு, தமிழிலே சொல்லத் தொடங்க ஜீப் வளைவால் திரும்பிவிட்டது. சனம் கடைகளுக்கு ஓடியது. சவர்க்காரம், தேசிக்காய், டெற்றோல், கிணற்றுக்குப் போடுகிற வெள்ளைத்தூள் என்று வாங்கினார்கள். நானும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து கொட்டியபோது அதற்குள் இருந்தவை அரிசி, பருப்பு, டின்மீன், பிஸ்கட், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, டோர்ச் பற்றரி, ஒரு கயிறு. கலன் நிறைய மண்ணெண்ணெய் வேறு. உமது அக்கா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தா. "இஞ்சாருங்கோ, இது பேதிக்கு வாங்கின சாமானோ, கலவரத்துக்கு வாங்கின சாமானோ?" என்று கேட்டா.

அவ கேட்டது சரி, மச்சான். எழுபத்தேழுக் கலவரத்திலும் இதைத்தான் வாங்கினேன், எண்பத்து மூன்றிலும் இதைத்தான் வாங்கினேன். ஆபத்து என்று யாராவது சொன்னால் என் கை தானாக டின்மீனைத்தான் எடுக்கிறது. சவர்க்காரத்துக்குப் போகப் பழக்கமில்லை. கயிறு எதற்கு என்று அவ திரும்பத் திரும்பக் கேட்டா. பின்மதிலால் இறங்கவேண்டி வந்தால் என்று நான் சொல்ல, "பேதி முன்வாசலாலயோ வரும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

இன்னுமொரு பழக்கமும் உமக்குத் தெரியும். கண்டியிலே இருக்கிற எங்கட ஆட்கள் எவரும் ஒரே கடையில் நிறையச் சாமான் எடுப்பதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், வெவ்வேறு பை, வெவ்வேறு நாள். ஒரு தமிழன் மூட்டையோடு வீதியால் போனால், இவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று வீதி முழுவதும் பார்க்கும். அதனால் நான் மிகவும் கெட்டித்தனமாக, அரிசியையும் பருப்பையும் பாலத்தடியில் ஜமால்தீன் நானாவின் கடையில் வாங்கினேன். மண்ணெண்ணெய்க்கும் டின்மீனுக்கும் பஸ் ஏறி அக்குறணைக்குப் போனேன். அங்கே என்னை யாருக்குத் தெரியும் என்ற துணிவு. அந்த அக்குறணைக் கடைக்காரர் ஜமால்தீனின் மச்சினன் என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்கு மாலையே இரண்டு பேரும் ஒரே பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்து, சாமான் கதை கதைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலையில் பாண் வாங்கப் போன என்னை ஜமால்தீன் உள்ளே கூப்பிட்டார். "மாஸ்டர், மறைக்காம செல்லுங்க. ஏதாச்சும் வெவகாரம் ஈக்கா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, இது பேதிக்கு என்றேன். "பேதிக்கு யாராச்சும் மண்ணெண்ணெய் குடிக்கிறதா?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் பிழை. ஒளிக்கிறவன் சிரிப்பது போல இருந்திருக்க வேண்டும். அந்தக் கடையில் மூட்டை தூக்குகிற கறுப்பையா தோளில் இருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "ஐயா, தெரிஞ்சா சொல்லிப்புடுங்க. எம் பொண்டாட்டி புள்ளைக நாவலப்பிட்டி தோட்டத்துல இருக்குதுக. இப்பவே போனா பொழுது சாயுறதுக்குள்ள போயிருவேன்" என்றான். ஒன்றுமில்லையடா என்று நான் சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணியதைக் கண்டதும் அவன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டான்.

மூட்டை தூக்குகிறவன் போனால் கடைக்காரர் பலகை போட்டுக் கடையைப் பூட்டுவார். ஒரு கடை பலகை போட்டால் எதிர்க்கடையும் போடும். பாலத்தடியிலே மத்தியானத்துக்கு முதலே பாண் முடிந்துவிட்டது, அரிசி முடிந்துவிட்டது. பேதி என்று சவர்க்காரம் வாங்கிய சனம் இப்போது ஏன் என்று தெரியாமலே மெழுகுதிரி வாங்கியது. நான் சவர்க்காரம் வாங்க மறந்தது ஞாபகம் வந்து, பின்னேரம் திரும்பக் கீழே இறங்கினேன். வீதியில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. எண்பத்து மூன்றிலும் வீதி இப்படித்தான் இருந்தது. ஜமால்தீனின் பலகை இடுக்கிலே வாயை வைத்து, "நானா, ஏன் பூட்டிட்டீர்? என்ன நடந்தது?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து, "நீங்கதானே மாஸ்டர் சாமான் வாங்கினீங்க" என்று குரல் வந்தது.

வேறு ஒருவனாக இருந்தால் அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கதை என்னிடமிருந்து புறப்பட்டதென்று தெரிந்தும், கடை பூட்டியிருக்கிறதே, சும்மா பூட்டுவார்களா என்று நானே அதை நம்பிவிட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து யன்னல்களை இழுத்துப் பூட்டி, நகையையும் பென்ஷன் கடதாசிகளையும் பையில் போட்டுக் கட்டி, உமது அக்காவை நடு அறையில் இருத்தி, நானும் இருந்தேன். அவ தண்ணீர் கொதிக்கவைக்கக் மண்ணெண்ணெய்க் குக்கரைப் பற்றவைக்கப் போனா. நான் விடவில்லை. மண்ணெண்ணெயை வீணாக்காதையும், நாளைக்கு என்ன வருமோ தெரியாது என்றேன். அவ கிணற்றுத் தண்ணீரை அள்ளி அப்படியே குடித்தா. கலன் நிறைய எண்ணெயைக் கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பகிடியாக எழுத என்னால் முடியாது. ஒரு நாள் கழித்து அவவுக்குத் தொடங்கியது. வீட்டில் தேசிக்காய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற் ஒன்று வாங்கக் கடை இல்லை. டின்மீன் இருந்தது. அவவின் கண் உள்ளே போய், குரல் அடைத்து, கை தோலெல்லாம் சுருங்கிவிட்டது. செத்துப்போய்விடுவா என்று நினைத்தேன். கதவைத் திறந்து கூப்பிடவும் பயம். கடைசியில் பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி டிங்கிரி மெனிக்கேதான், எங்கள் வீட்டு யன்னல் திறக்கவில்லை என்று கண்டு, வேலிக்கு மேலால் வந்து கதவைத் தட்டினா. எண்பத்து மூன்றிலே எங்களைத் தன் விறகு அறையில் ஒளித்து வைத்த அதே மெனிக்கே. அப்போது அவ தந்த சிவப்புப் பச்சையரிசிச் சோறு உமது அக்காவின் வயிற்றுக்கு ஒத்துவராமல் போனதும், ஒளிந்திருக்கிற வீட்டில் அரிசி சரியில்லை என்று சொல்லலாமோ என்று நாங்கள் இரகசியமாகச் சண்டை பிடித்ததும், மெனிக்கே அதை எப்படியோ அறிந்து "எங்கட வீட்டில புழுங்கல் இல்லையே" என்று துக்கப்பட்டதும் உமக்குச் சொல்லியிருக்கிறேன். அவ உள்ளே வந்து, இருட்டையும், மூட்டையையும், கயிற்றையும் பார்த்தா. தன் அரைகுறைத் தமிழில், "மாத்தயா, இது பேதி வருத்தம். மத்ததுக்குக் கதவு பூட்ட வேணும். இதுக்குத் திறக்க வேணும்" என்று சொல்லி யன்னல்களைத் திறந்துவிட்டா. என் எண்ணெயிலேயே தண்ணீர் கொதிக்கவைத்து, உப்பும் சீனியும் கரைத்துக் கரண்டியால் பருக்கினா. அவவின் புருஷன் கார் ஒன்றைப் பிடித்துவந்து, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே சேலைன் ஏற்றி, உயிரைத் திருப்பித் தந்தார்கள்.

இப்போது அவ வீட்டில் இருக்கிறா. கஞ்சி குடிக்கிறா. கதைக்கத் தொடங்கிவிட்டா, அதுவும் பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். பேதியும் குறைந்துவிட்டது. கடைகள் திறந்துவிட்டன. கறுப்பையாவும் நாவலப்பிட்டியிலிருந்து திரும்பி வந்து, என்னைக் கண்டால் மூட்டைக்குப் பின்னால் முகத்தை ஒளிக்கிறான். யாருக்கு யார் வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எனக்கு ஒரு தண்டனை போட்டேன். வீட்டிலிருந்த அரிசி, பருப்பு, டின்மீன், மெழுகுதிரி எல்லாவற்றையும் ஆற்றோரத்துக் குடிசைகளுக்குக் கொடுத்துவிட்டேன். கயிற்றில் மெனிக்கே உடுப்புக் காயப்போடுகிறா. இனிமேல் மற்றச் சனத்தைப் போல நாங்களும் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு, ஒரே கடையில், எல்லாரும் பார்க்க வாங்குவோம். பயம் என்பது சாமானோடு வீட்டுக்குள் வருகிறது, சாமானைக் கொடுத்தால் அதுவும் போய்விடும் என்று கண்டுகொண்டேன். ஆகவே, மச்சான், இனி எங்களைப் பற்றி நீர் கவலைப்பட வேண்டாம். இங்கே ஒன்றுமில்லை. நல்ல அயல், நல்ல தண்ணீர், இந்த வயதில் வேறென்ன வேண்டும். உமது பதுங்குகுழிக்கு மேலே ஒரு தகரத்தைப் போட்டு மூடும், ஆட்டையாவது காப்பாற்றலாம்.

பிள்ளைகளைப் படிக்கச் சொல்லும். உமது வீட்டுக்காரிக்கு எங்கள் அன்பு. உமது அக்கா எல்லாரையும் கேட்டதாகவும், நான் எழுதியதில் பாதியை நம்ப வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னா. முருகன் உங்கள் வீட்டு வாசலில் நின்று காக்கட்டும்.

இப்படிக்கு,
உமது அன்பு அத்தான்,
மகேந்திரராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டித் தபாலுக்குக் கொண்டுபோகும் வழியில் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். படலையடியில் கறுப்பையா மெனிக்கே வீட்டுக்கு ஒரு சாக்கு அரிசி இறக்கிக்கொண்டு நின்றான். அவர்கள் இரண்டே பேர், என்றும் சுண்டுக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற வீடு. சாக்கின் வாயிலிருந்து சிந்தியதைக் குனிந்து எடுத்துப் பார்த்தேன். புழுங்கல் அரிசி. அந்த வீட்டில் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். "திரும்பவும் வருத்தம் பரவுதோ?" என்று மெனிக்கேயைக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்ல மாத்தயா. சும்மா, வீட்டில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா. அவவின் புருஷன் அந்த விறகு அறையிலிருந்த விறகையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். உமது அக்காவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பொல்காவலையில் யாழ்ப்பாண மெயில் ரயில் ஏறி வருகிறோம், முன்னறையை ஒதுக்கி வையும். வரும்போது இங்கிருந்து ஏதாவது சாமான் கொண்டுவாருங்கோ என்று எதிர்பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.