இன்றைய சொல்

துரை கம்பெனிக்குத் தரவேண்டியது நூற்றெண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. மேல்தொட்டி நிரம்பி வழிந்ததற்கு அபராதம். இன்னொரு தரம் வழிந்தால் வேலை போகும் என்று எழுதியும் வாங்கிவிட்டார்கள்.

"நான் மோட்டார் போடச் சொல்லவே இல்ல மச்சான்!"

"துரை பேசறேன்னுதான போன்ல கேட்டுச்சு," என்றான் சவுரிமுத்து.

ஏரிக்கரை பம்ப் ரூமில் மோட்டாருக்கு அவன் காவல். ஒரு மைல் தள்ளி, தாம்பரம் ஃபாக்டரியில் தொட்டிக்குத் துரை காவல். நடுவில் போன். அதன் கரகரப்பில் எந்தக் குரலும் துரை குரல்தான்.

இன்ஜினீயர் தோத்தாத்ரி ஒரு வழி செய்தார். வாரம் ஒரு ரகசியச் சொல், சீட்டில் எழுதி இருவருக்கும். அதைச் சொன்னால்தான் மோட்டாரைத் தொடலாம். சோதிக்க அவரே போன் செய்தார்.

"எம்.டி. பேசறேன். மோட்டாரைப் போடு."

"எம்.டி.யா இருந்தா இன்னா? சொல்லைச் சொல்லு."

"வெரிகுட்!"

நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்ற சவுரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழனன்று "தாமரை" என்று சரியாகவே போன் வந்தது. போட்டான். வழிவதற்குள் துரை பார்த்து நிறுத்தச் சொன்னான்.

"சீட்டை யாராண்ட காட்டின?"

"மாதா சத்தியமா யாராண்டயும் இல்லடா!"

தோத்தாத்ரி யோசித்தார். இனி தினம் ஒரு சொல்.

சனிக்கிழமை அன்றைய சொல்லோடு போன் வந்தது. மோட்டார் ஓடியது. அரைமணியில் மறுபடி மணி.

"நிறுத்துடா, வழியுது!"

"சொல்லு?"

"மல்லிகை!"

"அது நேத்து."

"தாமரை?"

"முந்தாநாளு."

"சீட்டு நனைஞ்சிபோச்சிடா! உம் பொண்ணு ஞானஸ்நானத்துக்கு மோதிரம் போட்டவன்டா நானு!"

"அது ஊருக்கே தெரியும். சொல்லைச் சொல்லு."

பாய்லர் ரூமில் முழங்கால் தண்ணீர்.

திங்களன்று துரையின் கடைசிச் சம்பளத்தில் நூற்றெண்பத்தேழு ஐம்பதைப் பிடித்துக்கொண்டு கேட்டைக் காட்டினார்கள். கடன் தீர்ந்தது. சவுரிமுத்துவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் துரை பல்லாவரம் பஸ் ஏறினான். அந்தக் கெஞ்சலைக் கேட்டதுமே அவன்தான் என்று தெரிந்ததே, ஏன் நிறுத்தவில்லை? சவுரிமுத்து அன்றைய சீட்டை வாங்கிக்கொண்டு வந்தான். பம்ப் ரூம் வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் தெருக்குழாய். மோட்டார் ஓடினால்தான் அதில் தண்ணீர். கன்னியம்மா காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, சீட்டைக் கையில வச்சிகினு சும்மா குந்திகினு கீற? தினம் மாதிரி சத்தமா எழுத்துக்கூட்டிப் படிண்ணா. எங்க வூட்டுக்காரரு எம்மாந்நேரம் ஒத்த ரூபா போனாண்ட நிப்பாரு?"