வாசல் ஓரத்து மஞ்சள் பூவுக்குப் பெயர் கேட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஒத்துழைக்க மறுக்கிறது.

தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். ஒரு பூவுக்குப் பெயர் சொல்ல இத்தனை நாளா? இந்தப் பாலைவன ஊருக்குக் குடிவந்ததிலிருந்து நான் வாங்கி வைத்த ரோஜா, செம்பருத்தி எல்லாம் கருகிப்போய், சரி, நமக்கும் செடிக்கும் ஒத்துவராது என்று கைகழுவிய பிறகு, யாரும் கூப்பிடாமல் கேட் ஓரச் சரளையில் முளைத்து மஞ்சளாகப் பூத்து நிற்கிறது, ஒன்றே ஒன்று. காலையில் அதைப் பார்க்கத்தான் எழுந்திருக்கிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் சொல்கிறேன். அதைப் போய்க் குடியிருப்புச் சங்கச் செயலாளர் "வெறும் களை" என்கிறார். அது காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் பூ. அந்த மனிதரோ மதியத் தூக்கம் முடித்துத்தான் ரோந்து வருவார். "இந்த மண்ணோட பூதான்னு தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க சார், விட்டுடறேன். இல்லேன்னா வெள்ளிக்கிழமை ஆள் வந்து பிடுங்கிடுவான்" என்றார். என் உயிர் இருக்கும்வரை அதன்மேல் ஒருத்தன் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

உடனே உங்களுக்குப் படம் அனுப்பினேன். "சூரியகாந்திக் குடும்பம்" என்று பதில் போட்டீர்கள். ஐயா, குடும்பம் தெரிந்தால் போதுமா? கல்யாணம் பேசியபோது "பையன் எங்க குடும்பம்தான்" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் பெண்ணைக் கொடுத்திருப்பேனா? அந்தப் பூக் குடும்பத்தில் மஞ்சளாக இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே முகம் என்று சமாதானம் வேறு. பூவுக்கு அடியிலுள்ள பச்சைச் செதிலைப் படம் எடுக்கச் சொன்னீர்கள். எடுக்கத் தெருவில் மல்லாந்து படுத்தேன். எதிர்வீட்டுப் பல் டாக்டர் நான் மயங்கிவிட்டேன் என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வந்தவர்கள் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மிரண்டு, ஏற்றிக்கொண்டே போய்விட்டார்கள். கோபத்தில் இருப்பவனுக்கு அது ஏறாமல் இறங்குமா? அடுத்து, விதையின் தலையில் பஞ்சு இருக்கிறதா என்றீர்கள். காய்ந்து நின்ற ஒரே பூத்தலையைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனேன், தும்மல் வந்தது, அத்தனை விதையும் பறந்துபோய்ச் செயலாளர் வீட்டுப் புல்தரையில் இறங்கியது. நேத்து போன்ல என்ன சொன்னீங்க? "வேரைப் பார்க்காம அடிச்சுச் சொல்ல முடியாது சம்பந்தி." சரிங்க, கேட்டுட்டீங்க, அதையும் இந்தக் கடிதத்தோட வர்ற பார்சல்லயே வெச்சிருக்கேன். இனிமே மச்சம் இருக்கா, மறு இருக்கான்னு கேட்டீங்கன்னா நல்லா இருக்காது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் ஆசிகள். உங்களுக்கும் வாழ்த்து உண்டு, பெயர் வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
கோபத்திலும் மரியாதை குறையாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: பார்சலை ஒட்டிக்கொண்டிருந்தபோது செயலாளர் வந்தார். கேட் ஓரத்தில் செடி இருந்த குழியைப் பார்த்தார். "ரொம்ப நன்றி சார், ஆளுக்கு வேலை வைக்காம நீங்களே வேரோட பிடுங்கிட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் என் கையில் இருந்த மண்ணை நானே பார்த்தேன். பெயருக்கு இனி அவசரமில்லை சம்பந்தி. மழை வந்ததும் அவர் புல்தரையைப் படம் எடுத்து அனுப்புகிறேன், அப்போது சொன்னால் போதும்.