எஸ்எஸ்டிக்கு நோவாம எடுத்த மயிலு

போன சனிக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலதான். கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டுக்கு, கைக்கு ஒண்ணா ரெண்டு மயிலு போடணும்.

தென்காசியில கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கட வச்சிருக்கேன். டிசைன கம்ப்யூட்டர்ல எடுத்து, பென்டிரைவுல ஏத்தி, மெஷின்ல சொருகுனா போதும். அது பாட்டுக்குத் தச்சுத் தள்ளிரும். நான் டீ குடிக்கலாம்.

பொண்ணு பேரு மாரிச்செல்வி. ராயகிரிக்காரி. போலீஸ்! காலைல அவளும் அவ அம்மாவும் வந்து மெரூன் பட்டக் குடுத்தாங்க.

"அக்கா, மயிலுக்குக் கீழ எங்க ரெண்டு பேரு மொத எழுத்தும் வரணும். அவரு பேரு சரவணன். நாங்க குத்தாலத்துல குளிச்சிட்டு நாலு மணிக்கு வருதோம். டெய்லரு காத்துக்கிட்டு இருக்காரு. திங்கக்கெழம கல்யாணம்."

"மூணரைக்கே ரெடியா இருக்கும்!"ன்னேன். வாயி!

இங்கன ஒரு விசயம் சொல்லணும். போன மாசம்தான் பழைய கம்ப்யூட்டருக்கு, பைலெல்லாம் சேத்து வைக்க, புது எஸ்எஸ்டி போட்டேன். முன்னால ஆன் பண்ணிட்டுப் போயி சோறு வடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே கெடக்கும். இப்ப சடக்குன்னு தொறக்கு! சந்தோசத்துல துபாய்ல இருக்க எங்க மச்சானுக்கு, அதான் வீட்டுக்காரருக்கு, போன் போட்டேன். மனுசன் ஒரு குண்டத் தூக்கிப் போட்டாரு.

"ஏட்டி, அதுல எழுத எழுதத் தேயும் பாத்துக்க."

"தேயுமா? செருப்பு மாதிரியா?"

"ஆமா. அதுக்காவ பயப்படாத, வருசக்கணக்கா ஓடும்."

எனக்கு 'தேயும்' மட்டும்தான் காதுல விழுந்துச்சு.

என் டிசைனெல்லாம் ஜிப் பைலு. நூத்துக்கணக்கான படத்த ஒரே மூட்டையாக் கட்டி வைக்கது. எனக்கு வித்தவன் மூட்டைக்குள்ள மூட்ட, அதுக்குள்ள இன்னொரு மூட்டன்னு கட்டிக் குடுத்திருந்தான். பைல் மேனேஜர்ல உள்மூட்டயக் கிளிக் பண்ணுனா அது சும்மா தொறக்காது. மொத்தத்தையும் எஸ்எஸ்டில ஒரு மூலையில அவுத்துக் கொட்டிட்டுத்தான் காட்டும். ஒரு மயில எட்டிப் பாக்க ஒரு மூட்ட எழுத்து!

யா அல்லா, தேயுமே!

மறுபடி மச்சான்ட்ட வழி கேட்டேன். நாலு நிமிசத்துக்கு வாய்ஸ் அனுப்புனாரு. அவுத்துக் கொட்டுத எடத்த ராமுக்கு, அதான் கம்ப்யூட்டரு மெமரிக்கு, மாத்திரு, அங்கன எவ்வளவு எழுதுனாலும் தேயாதுன்னாரு. எப்படி மாத்தணும்னும் சொன்னாரு. ரெண்டு நிமிசத்துலயே எனக்கு வெளங்கிட்டு. மிச்சத்தக் கேக்கல.

மாத்துனேன். அதோட விட்டனா? பைலத் தொறக்காமலே சின்னதாப் படம் காட்டும்லா, அந்தப் பிரிவியூ, சனிக்கெழம மயிலு கெடச்ச உடனே அதையும் நிப்பாட்டுனேன். அதுவும் எஸ்எஸ்டிலதான் எழுதுதாம்!

மயிலு இருந்தது இருபத்தேழாம் நம்பர். மூட்டைக்குள்ள வச்சே தொறந்து, ரெண்டு மணி நேரம் ஒக்காந்து எழுத்தச் சேத்து, அந்த ராமுலயே சேவ் பண்ணுனேன். எஸ்எஸ்டில ஒரு பொட்டு விழல! எனக்கு நானே கை குடுக்காத கொற.

சாப்பிடப் போற நேரம் கம்ப்யூட்டர் எதுக்கு வீணா ஓடணும்? ஆஃப் பண்ணிட்டுப் போனேன்.

வந்து ஆன் பண்ணுதேன், மயிலக் காணோம். ராமு தொடச்சி வச்ச மாதிரி இருக்கு.

அப்பந்தான் வாய்ஸோட மிச்சம் ரெண்டு நிமிசத்தக் கேட்டேன்.

"...எல்லாஞ் சரி, ஆஃப் மட்டும் பண்ணிராத. ராம்ல இருக்கது பூராம் போயிரும். கேட்டுச்சா ஏட்டி?"

கேட்டுச்சு மச்சான். நல்லாக் கேட்டுச்சு.

மணி ரெண்டேகால்! எழுத்தப் பொறவு கைத்தையலாப் போட்டுக்கிடலாம், மொதல்ல மயிலு ஓடட்டும்னு மூட்டைய அவுத்தேன். இருபத்தேழு ஞாபகம் இருக்கு. எந்த மூட்டன்னு ஞாபகம் இல்ல. எல்லா மூட்டயிலயும் ஒரு இருபத்தேழு இருக்கு! பிரிவியூவும் கெடையாது, ஒவ்வொண்ணாத் தொறந்து பாக்க நேரமும் கெடையாது. கைக்கு வந்த இருபத்தேழ பென்டிரைவுல ஏத்தி மெஷின்ல போட்டேன். மெஷினோட குட்டித் திரையில கொண்ட தெரிஞ்சுது, வாலு தெரிஞ்சுது. மயிலுதான்!

பட்டனத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

மூணரைக்கே அம்மாவும் மவளும் வந்து நிக்காங்க. அருவியில தண்ணி கூடிட்டு, குளிக்க விடலியாம். மெஷினும் அப்பந்தான் ஒரு கைய முடிச்சு நின்னுச்சு. துணிய எடுத்து விரிச்சேன்.

நீலமும் பச்சையுமா, நெஞ்ச நிமித்திக்கிட்டு, ஒரு சேவலு!

"அக்கா, இது என்னது?"

"மயிலு."

"இந்த மயிலு கூவுமா?"

மாரிச்செல்வி மொகத்தப் பாத்தேன். பொறவு ஒண்ணு விடாம கக்கிட்டேன். எஸ்எஸ்டி, ராமு, மூட்ட, எல்லாம்.

"எத்தன மணிக்கு ஆஃப் பண்ணுனீங்க?"

"ஒண்ணரைக்கு மேடம்." அக்கான்னு கூப்பிட்ட பிள்ளைய மேடம்னுட்டேன்!

"ஆஃப் பண்ணச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான்."

"இதப் பிரிக்க முடியுமா?"

"பட்டு மேடம். பிரிச்சா சல்லடையாயிரும்."

அதுவர வெறப்பா நின்ன பிள்ளைக்குக் கண்ணு கலங்கிட்டு. "நாளக் கழிச்சுக் கல்யாணம்க்கா..."ன்னா. மெஷினுக்கடியில போயி ஒளிஞ்சிக்கிடலாமான்னு பாத்தேன்.

அவ அம்மாதான் துணிய வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க.

"ஏட்டி, மாப்ள பேரு என்ன?"

"தெரியாத மாதிரி கேக்க? சரவணன்."

"முருகன் பேருதான? திருமலக்கோயிலுக்குப் போனா மயிலு மட்டுமா நிக்கு? கொடியில யாரு நிக்கா?"

மாரிச்செல்வி மூக்க உறிஞ்சுனா. "சேவலு."

"பொறவு என்னத்துக்கு அழுத? ஒரு கையில சேவலு, மறு கையில மயிலு. அம்சமா இருக்கும்."

பிள்ள துணியப் பாத்தா, என்னயப் பாத்தா, குபுக்குன்னு சிரிச்சிட்டா! நான் சேந்து சிரிக்கதா வேண்டாமான்னு தெரியாம நின்னேன்.

ஆனா போலீஸு போலீஸுதான். நாற்காலிய இழுத்து என் பக்கத்துல போட்டு ஒக்காந்துட்டா. "பிரிவியூவ ஆன் பண்ணுங்கக்கா. நான் பாக்காம ஒண்ணும் ஓடக் கூடாது."

ஆறு மணிக்கு நெசமான மயிலு எறங்குச்சு. எழுத்தக் கையாலயே தச்சுக் குடுத்தேன்.

கல்யாணத்துல மாப்ள வீட்டுப் பொம்பளைங்க பூராம் சேவலத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்களாம். இன்னைக்குக் காலைல அந்தக் கூட்டத்துல இருந்தே ஒரு பொண்ணு வந்துட்டு.

"அக்கா, எனக்கு ரெண்டு கையிலயும் சேவலே போட்ருங்க."

வெக்கத்துல அந்தச் சேவல அன்னைக்கே பென்டிரைவுலருந்து அழிச்சிட்டேன். காலைலருந்து மூட்ட மூட்டையா அவுத்துப் பாக்கேன், மயிலாத்தான் வருது.