பத்திலிருந்து ஒன்று வரை

காலை பத்து மணிக்கு மனைவி ஊதா குடையோடு வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். தொடர்ந்து மூன்றாவது நாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் துணை இயக்குநர். அவர் ஓய்வு பெற்று ஏழு மாதமாகிறது. பதவி இன்னும் ஓய்வு பெறவில்லை.

"சும்மா இப்படியே போயிட்டு ஒரு மணிக்கு வந்துடுறேங்க."

"இப்படியேன்னா எப்படி?"

"நடந்துதான்."

அலுவலகத்தில் ஒருவர் இப்படிப் பதில் எழுதியிருந்தால் விளக்கம் கேட்டு மூன்று நினைவூட்டல் பறந்திருக்கும். இங்கே அதற்குள் கேட் சாத்தும் சத்தம் கேட்டுவிட்டது.

'முதுமை என்பது இரண்டாம் வசந்தம்' என்று ஓய்வு பெற்றோர் சங்கத்தில் முக்கால் மணி நேரம் முழங்கியவர் அவர். அந்த வசந்தத்தில் சமையலறை டப்பாக்களுக்கு வரிசை எண் போட்டார். மனைவி வெங்காயம் நறுக்கும் முறையில் சீர்திருத்தம் கொண்டுவந்தார். குழாயை எத்தனை தரம் திறக்கிறாள் என்று குறிப்பெடுத்தார். இப்படிப்பட்ட புருஷனை வீட்டில் விட்டுவிட்டு ஒருத்தி வெளியே போகிறாள் என்றால், வெளியே இவரைவிட நல்லதாக ஏதோ இருக்கிறது. அல்லது யாரோ. முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக அவர் மனைவிக்குப் பின்னால் நடந்தார்.

கம்பத்துக்குக் கம்பம் ஒளிந்து பின்தொடர்ந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்குள் அவள் நுழைந்தாள். உள்ளே போய் மாட்டிக்கொண்டால் மானம் போய்விடும். எதிர்ப்பக்கத் தையல் கடை ஓரம் பதுங்கினார்.

"என்ன சார் வேணும்?" தையல்காரர் தலையை நீட்டினார்.

"பேன்ட்… நீளம் குறைக்கணும்."

"கொடுங்க."

"போட்டிருக்கேனே!"

"அதனாலென்ன? கழட்டுங்க."

ஒரு மணிக்கு மனைவி வெளியே வந்தபோது துணை இயக்குநர் இடுப்பில் யாருடைய ஜன்னல் திரையையோ சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேன்ட் மிஷினுக்கு அடியில் இருந்தது. ஓடவும் முடியவில்லை.

மறுநாள் முன்யோசனையோடு வேறொரு பேன்ட்டைக் கையிலேயே கொண்டுபோனார். அடுத்த நாள் இன்னொன்று. பத்து நாளில் வீட்டிலிருந்த பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டன.

"ஏங்க, துணி சுருங்குதா, இல்ல இந்த வயசுல நீங்க வளர்றீங்களா?" என்றாள் மனைவி.

கிண்டலா, மழுப்பலா? அவர் கண்ணை இடுக்கிக்கொண்டார்.

"இனிமே வெட்டினா டவுசர்தான் சார்," என்று தையல்காரரும் கைவிரித்தார்.

"அப்போ சும்மா உட்கார்ந்துக்கட்டுமா?"

"சும்மா உட்கார இது என்ன உங்க ஆபீஸா? இந்தாங்கண்ணே, பித்தான் தைங்க."

சார் அண்ணன் ஆனதைக் கண்டிக்க நேரமில்லை. கண் எதிர்க் கட்டடத்தில் இருக்க, கை தைத்தது. ஒரு மணிக்குக் குடை தெரிந்ததும் துள்ளி எழுந்தார். வாடிக்கையாளரின் சட்டையும் கூடவே எழுந்தது. தான் போட்டிருந்த சட்டையோடு அதையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

"கண்ணு அங்கே மேஞ்சா கை இங்கே எப்படிண்ணே வேலை செய்யும்?" என்று தையல்காரர் தலையிலடித்துக்கொண்டார்.

ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து பத்துக்கும் ஒன்றுக்கும் மட்டும் தலையை நிமிர்த்தினார். இடையில் ஊசிதான். பித்தானிலிருந்து காஜாவுக்கு உயர்ந்தார். பித்தான் நுழைகிற துளையைச் சுற்றி இழை பிசகாமல் கையாலேயே கட்டினார்.

"காஜா யார் போட்டது? அச்சு மாதிரி இருக்கே!" என்று ஒரு வாடிக்கையாளர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருடம் இவர் போட்ட கையெழுத்தை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. அன்றிரவு டப்பாக்களின் வரிசை எண்ணைச் சரிபார்க்க மறந்தே போனார்.

ஆனால் சந்தேகம் மட்டும் வளர்ந்தது. மனைவியின் முகத்தில் ஒரு தெளிச்சி. வாயில் முணுமுணுப்பாக ஒரு பாட்டு. நேற்று அவர் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி விழுந்தது. குற்ற உணர்ச்சி! வேறென்ன?

இனிப் பொறுப்பதில்லை. கழுத்தில் அளவு நாடாவும் சட்டையில் குத்திய ஊசியுமாகப் பதினோரு மணிக்குக் கட்டடத்துக்குள் பாய்ந்தார். முதல் மாடியில் பல் டாக்டர். இரண்டில் வக்கீல். மூன்றும் நான்கும் பூட்டிக் கிடந்தன. மனைவியை எங்கேயும் காணோம். படியில் உட்கார்ந்துவிட்டார்.

கீழேயிருந்து துடைத்துக்கொண்டே ஏறிவந்த துப்புரவுப் பெண் நின்றாள்.

"தினமும் பத்து மணிக்கு ஊதா குடை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா வருவாங்களே," என்றார். "அவங்க… யாரைப் பார்க்க வர்றாங்க?"

"அவங்களா! யாரையும் பார்க்க மாட்டாங்க. முன்வாசல்ல வந்து பின்வாசல்ல போயிடுவாங்க. ஒரு மணிக்கு அதே வழியா வந்து முன்னாடி இறங்குவாங்க."

"பின்வாசல்ல… எங்கே?"

"வேற எங்கே, அவங்க வீட்டுக்குத்தான்! புருஷன் உளவு பார்க்கிறேன்னு எதிர்க் கடையில வந்து உட்கார்ந்துக்கிறாராம். அந்த மூணு மணி நேரம் வீடு காலியா கிடைக்கறதாலதான் மிச்ச நேரம் அவரைப் பிடிக்குதாம். உங்க கடைதானே தையக்காரரே, ஒரு மணி வரைக்கும் அந்த மனுஷனை எழுந்திரிக்க விடாதீங்க, புண்ணியமாப் போகும்!"