சிறகு வைத்த ஈட்டி

“மொந்தேகுர்வோ ஊராருக்கும், அதைச் சூழ்ந்த மலைகளுக்கும், வரலாற்றுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இவ்வாண்டு முதல் நம் பன்றி வேட்டை ஊர்வலத்தில், தனக்கே சொந்தமான பிழையற்ற ரோமானிய வேட்டை ஈட்டி ஒன்றைக் கொண்டுவருபவர் எவரோ, அவர் ஆணாயினும் பெண்ணாயினும், செல்வராயினும் வறியராயினும், அவரே ரோமானியர். பிறர் அனைவரும் காட்டுமிராண்டிகள். பிழை உண்டா இல்லையா என்பதைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் நிபுணர் தீர்மானிப்பார். அவர் சொல்லே முடிவு.”

இந்தப் பிரகடனம் ஊர் மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவில், இருமல் மருந்து விளம்பரத்தை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு தொங்கியது. எழுதியவர், ஊர் ‘டாக்டர்’ என்றே கூப்பிடும் கடைக்காரரும், பண்டைய ரோமானிய வேட்டைக் கழகத்தின் நிரந்தரத் தலைவருமான நஸரேனோ. நிரந்தரம் என்றால், அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்பட்டதில்லை.

“பெண்ணுமா?” என்று கேட்டான், வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த கொல்லன் அன்ஸெல்மோ.

“அது ஒரு ஓசைக்காகப் போட்டது. பிரகடனம்னா கொஞ்சம் விரிஞ்சு இருக்கணும்.”

“நம்ம ஆளுங்க வச்சிருக்கறது துடைப்பக் கட்டையில வெள்ளித்தாள் சுத்தின ஈட்டி. அப்ப ஊரு மொத்தமும் காட்டுமிராண்டி, நீங்க ஒருத்தர் மட்டும் ரோமானியரா, டாக்டரே?”

“தரம்னு ஒண்ணு இருக்கு, அன்ஸெல்மோ.”

தரம் ஒருபுறம் இருக்கட்டும். நஸரேனோவுக்கு ஆறடிக்கு மேல் உடம்பு. அதன் உச்சியில் துருப்பிடித்த நிறத்தில் தாடி. பள்ளி நாடகத்திலேயே அவருக்குக் காட்டுமிராண்டி வேடம்தான். அன்றிலிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் ஆட்டுத்தோல் போர்த்தி, சங்கிலியில் கட்டுண்டு, வைக்கோல் அடைத்த பன்றியைத் தோளில் சுமந்து, பிள்ளைகள் எறியும் கஷ்கொட்டைகளைத் தலையில் வாங்கி, சதுக்கத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ரோமானிய வரலாற்றை அவரைவிட அதிகம் படித்தவர் ஊரில் கிடையாது. ஆனால் ரோமானிய வேடத்தில் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து வருவது தபால்காரன். சாவதற்குள் ஒரே ஒருமுறை அந்த மறுமுனையைப் பிடித்துவிட வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நாங்கள் சிரித்தோம் என்பது வேறு விஷயம்.

ஊரார் பிரகடனத்தை எதிர்க்கவில்லை. காட்டுமிராண்டி வேடம் என்றால் ஊர்வலத்தில் நடந்துகொண்டே குடிக்கலாம்.

நஸரேனோ செய்யச் சொன்ன முதல் ஈட்டியை அன்ஸெல்மோ கொண்டுவந்தான். இலை போல அகன்ற அலகு. அதற்குக் கீழே, குத்துப்பட்ட பன்றி கழி வழியாகவே ஏறி வந்துவிடாமல் தடுக்க, குறுக்கே ஒரு இரும்புத் துண்டைத் தோல்வாரால் கட்டியிருந்தான்.

நஸரேனோ அதைத் தூக்கிக்கொண்டு நகராட்சி அருங்காட்சியகத்துக்குப் போனார். அருங்காட்சியகம் என்பது ஒரு அறை, ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள், கால்பந்து மைதானம் தோண்டியபோது கிடைத்த ஈட்டிமுனை. முனை நீண்டு ஒடுங்கியிருந்தது. கழி செருகும் குழலிலிருந்தே இருபுறமும் இரண்டு இரும்புச் சிறகுகள் முளைத்திருந்தன. எந்தக் காலத்து மேயரோ ‘ரோமானிய வேட்டை ஈட்டி’ என்று அட்டை எழுதி வைத்திருந்தார். யாரும் கேள்வி கேட்டதில்லை. எங்கள் ஊரில் மண்ணைத் தோண்டி எது வந்தாலும் அது ரோமானியம்தான்.

“சிறகு எங்கடா?” என்றார் திரும்பி வந்து.

“சிறகு அடிக்க ரொம்ப நேரமாகும். கிடந்த இரும்புல ஒரு துண்ட வச்சுக் கட்டினேன். பன்றி என்ன, வந்து உத்துப் பாக்கவா போகுது?”

“நிபுணர் பாப்பாங்க! இது ஈட்டி இல்ல, குப்பை!”

குப்பையைக் கொல்லைப்புறம் எறிந்தார். அவர் மனைவி லொரெதானா துணி காயப்போட வந்தவள், அதை எடுத்துத் தொய்ந்த கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுத்தாள். குறுக்கு இரும்பில் கயிறு கச்சிதமாக உட்கார்ந்தது.

“இத நான் வச்சுக்கவா, நஸரே?”

“தாராளமா. உனக்கே உனக்கு.”

ஊர்வல அங்கிகள் அத்தனையும் தைத்தவள் அவள். நடந்தது ஒருமுறைகூட இல்லை. பெண்களுக்கு வேடம் கிடையாது. தையல் மட்டும் உண்டு.

இரண்டாவது ஈட்டி சிறகோடு வந்தது. சிறகின் கனத்தில் கழி விரிசல் விட்டது. தடித்த கழி போட்டார்கள். தடித்த கழி நீளமாகவும் இருந்ததால் நஸரேனோவின் சின்னக் காருக்குள் அடங்காமல் சன்னல் வழியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே சதுக்கத்தில் திரும்பியவர், காப்பிக்கடையின் வெயில்மறைப்பைக் குத்திக் கிழித்து, பாதியை வீடுவரை இழுத்துவந்துவிட்டார்.

“பன்றி தப்பிச்சுது, பந்தல் மாட்டிக்கிச்சு,” என்றான் தபால்காரன்.

ஆகவே கழியை இரண்டாக அறுத்து, வேண்டும்போது ஒட்டிக்கொள்ள முடிவாயிற்று.

“கடையில நல்ல பசை விக்கறானே?” என்றாள் லொரெதானா.

“ரோமானியன் பசைக்குழாயைப் பிதுக்கினானா?”

லொரெதானா பொலெந்தா என்னும் சோளக்களி கிண்டும் பாத்திரத்தில் மாட்டுத்தோலும் எலும்பும் நாள் முழுக்கக் கொதித்தன. பக்கத்து வீட்டுக்காரி யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போனாள். பசை அபாரமாகப் பிடித்தது. விடிந்து பார்த்தால், அவர்கள் நாய் நீரோ ஒட்டிய இடத்தை நக்கி, அதன்மேல் சுற்றியிருந்த தோல்வாரைத் தின்று, கழியிலும் கொஞ்சம் கடித்துவைத்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

“அதுக்கு அது சூப்பு, நஸரே,” என்றாள் லொரெதானா. “சூப்பைத் தடவிவச்சுட்டு நாயைத் திட்டினா?”

கடிபட்ட இடத்தை மறைக்க அன்ஸெல்மோ பட்டைப் பட்டையாக இரும்பு வளையம் போட்டான். போட்ட பிறகுதான் நஸரேனோ கவனித்தார்: கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழலிலும் அதே மாதிரி வளையக் கோடுகள்!

“பாத்தியா லொரெதானா? தப்பு நடந்தாலும் ரோமைப் பாத்துத்தான் நடக்குது!”

அன்று அவர் கண் கலங்கியிருந்தது. அவள் உள்ளே போய், அவர் உடம்புக்குத் தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளை அங்கியை எடுத்துச் சலவைக்குப் போட்டாள்.

திருவிழாவன்று நிபுணர் வந்தார். பெயர் ஃபியாமெத்தா, சின்ன உருவம், பெரிய கண்ணாடி. முதலில் நஸரேனோ வீட்டில் பருப்பும் பன்றிக் குழம்பும் பரிமாறினார்கள். ஊரே வாசலில் நின்றது. பிறகு நஸரேனோ ஈட்டியைக் குழந்தையைக் கொடுப்பதுபோல இரு கையிலும் ஏந்திக் கொடுத்தார்.

அந்த அம்மாள் முனையைப் பார்த்தார். சிறகை விரலால் தடவினார். வளையங்களை எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இத யாரு பண்ணது?”

“என் மேற்பார்வை, புரொஃபசரம்மா,” என்றார் நஸரேனோ.

“இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமான வேலைய நான் பாத்ததில்ல. ஒரு குறை கிடையாது.”

வாசலில் கைத்தட்டல். நஸரேனோ தாடியை நீவிவிட்டுக்கொண்டார்.

“அப்ப நான் ரோமானியன்தானே?”

“நீங்களா?” அந்த அம்மாள் தாடியை ஒருமுறை, ஈட்டியை ஒருமுறை பார்த்தார். “இது லொம்பார்தியர் ஈட்டிங்க. ரோம் சாம்ராஜ்யம் படுத்தப்புறம் வடக்கேயிருந்து வந்து இந்த மலையெல்லாம் பிடிச்சாங்களே, அந்தக் காட்டுமிராண்டிங்க. சிறகு, வளையம் எல்லாம் அப்படியே அவங்க கைவேலைதான்.”

“மியூசியத்துல ரோமானியம்னு எழுதியிருக்கே!”

“எழுதினவரு யாரு?”

“மேயர்.”

“ம்,” என்றார் அந்த அம்மாள். இவ்வளவு அனுதாபமான ‘ம்’மை எங்கள் ஊர் கேட்டதில்லை.

அன்ஸெல்மோ தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தபால்காரன்கூடச் சிரிக்கவில்லை. நஸரேனோ மெல்ல உட்கார்ந்து, நாயின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“கை கழுவ எங்க போகணும்?” என்று கேட்டார் நிபுணர்.

லொரெதானா கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு கூச்சல். எல்லோரும் ஓடினார்கள். அந்த அம்மாள் ஈரக் கையோடு கொடிக்கயிற்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“இலை அலகு! கீழே தனியா வச்சுக் கட்டின குறுக்குத் தடுப்பு! பழைய வேட்டைச் சித்திரங்கள்ல அப்படியே இப்படித்தாங்க இருக்கும்! இது யாரோடது?”

“என்னோடது!” நஸரேனோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “நான்தான் செய்யச் சொன்னேன்!”

“குப்பைன்னீங்க, டாக்டரே,” என்றான் அன்ஸெல்மோ, உதவுவதாக நினைத்துக்கொண்டு.

“உனக்கே உனக்குன்னு சொன்னியே, நஸரே,” என்றாள் லொரெதானா.

நிபுணர் வாசலுக்கு நடந்து, அங்கே ஒட்டியிருந்த பிரகடனத்தின் நகலை வாய்விட்டுப் படித்தார். ‘ஆணாயினும் பெண்ணாயினும்’ என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படித்தார்.

“சட்டம் ரொம்பத் தெளிவா இருக்கு. இந்த ஊர்ல ஒரே ஒரு ரோமானியர்தான். அது இந்த அம்மா.”

லொரெதானா கழியை உருவினாள். ஊர் உள்ளாடைகள் முழுவதும் தரையில் விழுந்தாற்போல ஒரு குவியல். அதிலிருந்து அந்த வெள்ளை அங்கியைப் பொறுக்கி, உதறி, தன் உடம்பில் வைத்துப் பார்த்தாள். ரொம்பப் பெரிது. இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டால் போதும்.

நஸரேனோ உள்ளே போய் ஆட்டுத்தோலைப் போர்த்தி, சிறகு வைத்த ஈட்டியோடு வந்து நின்றார். பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். நிபுணர் படம் எடுத்துக்கொண்டார்.

லொரெதானா சங்கிலியை எடுத்தாள்.

“கைய நீட்டு, நஸரே. இறுக்கமா கட்டமாட்டேன்.”

இறுக்கமாகத்தான் கட்டினாள்.