ஒரே பெட்டியில் கல்யாணச் சாமான்

வாழவந்தி நாடு, கொல்லிமலை,
12–1–1961

மதிப்புக்குரிய மச்சான் அர்த்தனாரி அவர்களுக்கு, சின்னுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு மூவரும் சுகம். சென்னையில் தாங்களும் தங்கள் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் சுகம்தானா? சங்கத்தின் சுகத்தை நான் விசாரிப்பது இதுவே முதல் தடவை. ஆகவே கிழித்துப் போடுமுன் முழுவதும் படிக்கவும்.

மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் வேலைநிறுத்தத்தில், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய பூகோள உருண்டை கப்பலிலேயே கிடந்தது. அந்தக் கோபத்தில் உங்கள் ஆட்களை 'மூட்டை தூக்கும் சோம்பேறிகள்' என்று பத்திரிகைக்கு எழுதி, முழுப் பெயரும் போட்டேன். அன்றோடு நீங்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தை கடைசியில் பொன்னாயிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் என் மகளை எப்படி மணையில் உட்கார வைப்பேன்?

அமெரிக்காவில் அறை அளவு இரும்புப் பெட்டியில் சரக்கைப் பூட்டி அப்படியே கப்பலில் ஏற்றுகிறார்களாம், நூறு பேர் வேலையைப் பத்துப் பேர் முடித்துவிடுகிறார்களாம் என்று கவலைப்பட்டு உங்கள் தங்கைக்கு எழுதியிருந்தீர்களே, அதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். கல்யாணச் சாமானை மலையேற்ற வழக்கமாக இருபத்திரண்டு தலைச்சுமை ஆகும். நான் சேந்தமங்கலம் தச்சனிடம் ஒரே பெட்டி செய்யச் சொல்லி வாங்கி, எல்லாவற்றையும் அடைத்துப் பூட்டி, மூங்கில் கட்டி, எட்டுப் பேர் போதும் என்றேன். அடிவாரத்தில் வழக்கமாகச் சுமக்கும் இருபத்திரண்டு பேரும் பெட்டியைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். சுமைக்காரர்களில் மூத்தவன் மாரி, "எட்டுப் பேரு தூக்குனா மிச்சப் பேரு வேடிக்கை பாக்கறதுங்களா?" என்றான். உலகம் மாறுகிறது, அமெரிக்காவில் இப்படித்தான் என்று விளக்கினேன். "அப்பப் பெட்டிய அங்கயே கொண்டுபோய் எறக்குங்க சாமி." சின்னாயி என்ற கிழவி பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஏனுங் வாத்தியாரே, கல்யாணப் பொண்ணையும் உள்ள வச்சுப் பூட்டிப்போட்டீங்களா?" என்று கேட்க, என்னிடம் படித்த பயல்கள்கூடச் சிரித்தார்கள். இரண்டு நாள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் "சோம்பேறிகளே!" என்று கத்த எழுந்தேன். எதிரே மாரி, சும்மாட்டுத் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வேலைக்குக் காத்திருந்தான். மச்சான், வாய் வரவில்லை. பத்திரிகையில் எழுதியபோது நான் ஒருவர் முகத்தையும் பார்த்திருக்கவில்லை. நானே மனம் மாறி, நானே பூட்டைத் திறந்து, இருபத்திரண்டு சுமையாகப் பிரித்துக் கொடுத்தேன்.

எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். மன்னித்து, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே வாருங்கள். அறப்பளீசுவரர் துணையால் தாங்களும் தங்கள் தோழர்களும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சின்னுசாமி

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி உங்கள் தங்கை அத்தாயி கேட்டாள். பொய்யைத் திருத்தாமல் தபாலில் சேர்க்கமாட்டாளாம். நான் மனம் மாறவில்லை. வாய் வராமல் நின்றது நிஜம்; உடனே மறுபடி பெட்டிமேல் ஏறி உட்கார்ந்ததும் நிஜம். அத்தாயிதான் மலையிறங்கி வந்து, மாரி பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கண்ணன் பக்கம் நாயம் இருக்குதுன்னு இத்தனை பேரு முன்னால சொல்லுங்க, அப்பறம் ஊட்டுக்கு வாங்க" என்றாள். சொன்னேன். சாவியையும் அவளே பிடுங்கினாள். நீங்கள் வந்து சேரும்வரை எனக்குச் சமைப்பதில்லை என்று இப்போது வேலைநிறுத்தம் செய்கிறாள். நான்கு நாளாக மாரி வீட்டில்தான் கேழ்வரகுக் களி சாப்பிடுகிறேன். கல்யாணம் வரை காத்திருக்காமல் உடனே புறப்படவும்.