உரையாடல் இல்லத்துக்கு ஆட்சேபணை இல்லை

“‘வேண்டாம்’னு சொல்ற உரிமை எங்களுக்கு வேணும்.”

வடதுருவ ஒத்துழைப்பு மாமன்றத்தின் இருபத்தாறு ஆண்டுப் பொற்காலத்தில் இப்படியொரு பண்பாடற்ற வாக்கியம் ஒலித்ததே இல்லை. நார்வேயின் ஆல்தா நகர விடுதியில், கூட்ட அறையில் ஏழு நாட்டுப் பிரதிநிதிகளும் குனிந்து தத்தம் காப்பிக் கோப்பைகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கோப்பையிலும் மன்றத்தின் மூன்றாம் விதி பொன்னெழுத்தில் மின்னியது: ‘வடக்கின் எல்லா மொழிகளும் இங்கே சமம்.’

கேட்டவள் ரவ்த்னா. கலைமான் மேய்க்கும் ‘சாமி’ என்ற வடதுருவப் பூர்வகுடிக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள், சட்டம் படித்தவள். ‘பூர்வகுடி நிரந்தரப் பங்கேற்பாளர்’ பதவி தரும்போதே மன்றம் அவளுக்கு இரண்டு நாள் பயிற்சியும் தந்திருந்தது. நாற்காலி கேட்கலாம். பெயர்ப்பலகை கேட்கலாம். தொடக்க விழாவில் பாட ஐந்து நிமிடம், கேட்காமலே கிடைக்கும். இந்த ஒன்றை மட்டும் வாயெடுத்துக் கேட்கவே கூடாது. எல்லாரும் ஒருமனதாக இருக்கும் இடத்தில் ஒருத்தி ‘வேண்டாம்’ என்றால் ஒருமனம் என்னாவது?

“ரவ்த்னா, உங்க கோபத்த நான் மதிக்கிறேன்” என்றார் தலைவர் ஹால்வர். மதிப்பதில் அவரை அடித்துக்கொள்ள நார்வேயில் ஆளில்லை. “ஆனா உங்கப்பாவே சம்மதிச்சிட்டாரே?”

பூர்வகுடிகளின் குரலைச் செவிமடுப்பதற்கென்றே மன்றம் ஓர் ‘உரையாடல் இல்லம்’ கட்டப்போகிறது. கண்ணாடிச் சுவர்கள், ஹெலிகாப்டர் இறங்க மேடை. பார்த்துப் பார்த்துத் தேர்ந்த இடம், ரவ்த்னா குடும்பத்து மான்கள் மே மாதத்தில் கன்று ஈனும் சரிவு. அங்கே சத்தம் கேட்டால் தாய் மிரண்டு கன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடும். ‘தாய்மான்களின் உற்சாகமான இடப்பெயர்வு’ என்றது மன்றத்தின் அறிக்கை.

போன வசந்தத்தில் ஹால்வரே சரிவுக்கு வந்து அவள் அப்பா யோவ்னாவிடம், “இங்க கட்டலாமா?” என்று கேட்டார். யோவ்னா காப்பியைக் கலக்கினார். மலைமுகட்டைப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, “காத்து மேற்கேருந்து அடிக்குது” என்றார். குறிப்பேட்டில் ஏறியது: ‘காற்றோட்டம் குறித்து உள்ளூர்வாசி மகிழ்ச்சி தெரிவித்தார். ஆட்சேபணை இல்லை.’

இன்றும் யோவ்னா பின்வரிசையில், மன்றம் கேட்டுக்கொண்டபடி நீலப் பண்டிகை உடையில், காய்ந்த மான்கறித் துண்டைக் காப்பியில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். ரவ்த்னா சாமி மொழியில் கேட்டாள்: “ஏம்ப்பா, சம்மதிச்சீங்களா?”

“காத்தப் பத்திச் சொன்னேனே. கெளம்புங்கடான்னுதான் அர்த்தம். வீட்டுக்கு வந்தவன மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னா சொல்லுவாங்க? நம்ம நாய்க்குட்டியா இருந்தாக்கூட எந்திரிச்சுப் போயிருக்கும்.”

“அப்பா என்ன சொல்றார்?” என்றார் ஹால்வர் ஆவலாக. மொழிபெயர்ப்பாளர் தொடக்கப் பாட்டு முடிந்ததுமே விடைபெற்றிருந்தார்.

“வாழ்த்துறார்.”

ஏழு கைகள் ஏழு நெஞ்சுகளுக்குப் போயின.

“உங்க கோரிக்கையயும் விட்டுடல” என்று ஹால்வர் கனிந்தார். “ஒரு துணைக்குழு போடுவோம். நாலு வருஷத்துல அறிக்கை.”

“அதுவரைக்கும் கட்டாம இருப்பீங்களா?”

“கட்டினாத்தானே அந்தக் குழு உக்கார எடம் கெடைக்கும்?”

கோரிக்கைக்கு மரியாதையான அடக்கம் நடந்துவிட்டது. இல்லத்தைப் பற்றிய தீர்மானத்துக்கு ஹால்வர் சுத்தியலை எடுத்தார். ஏழாம் விதி எளிமையானது. யார் வாசித்த தீர்மானமானாலும், மூன்று நிமிடம் எந்த நாடும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறியது.

“அதுக்கு முன்னாடி எங்க மொழியில ஒண்ணு வாசிக்கணும். ஏழாம் விதிப்படி” என்றாள் ரவ்த்னா.

“தாராளமா. மூணாம் விதி எதுக்கு இருக்கு?” கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

காலையில் பேருந்திலேயே எழுதி வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தாள். இரண்டே வாக்கியம். பிறகு மௌனம். ஐஸ்லாந்துக்காரர் கண்களை மூடினார். ஸ்வீடன் அம்மையார் கண்ணோரம் துடைத்துக்கொண்டார். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த மொழிக்குக் கைதட்டி வந்தவர்கள். புரியவில்லை என்று சொல்லி அதை அவமதிப்பார்களா? யோவ்னா மட்டும் கறித்துண்டை மெல்லுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. “ஆட்சேபணை இல்லை. நெகிழ்ச்சியோட நிறைவேறுது.” சுத்தியல் விழுந்தது. ஏழு கைகள் மறுபடி நெஞ்சுக்குப் போயின.

ரவ்த்னா அதன் நார்வேஜியப் பிரதியைக் குறிப்பெடுக்கும் பெண்ணிடம் நீட்டினாள். அவள் கடமை தவறாமல் உரக்கப் படித்தாள்: “‘உரையாடல் இல்லம் கைவிடப்படுகிறது. இனி எங்கள் மௌனம், வேண்டாம் என்றே பதிவாகும்.’”

ஏழு கைகளும் நெஞ்சிலிருந்து இறங்கின. ரவ்த்னா பெயர்ப்பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிர்கோட்டை மாட்டினாள். யோவ்னா காப்பியை ஒரே மடக்கில் முடித்து எழுந்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார் ஹால்வர், முதல்முறையாக ஈரமில்லாத குரலில். “எங்களக் கேக்காம எப்படி? உக்காந்து பேசி முடிவு பண்ணலாமே?”

“முடிவு ஆயிடுச்சு, ஹால்வர்” என்றாள் அவள், கதவைத் தள்ளியபடி. “உங்களக் கலந்தாலோசிச்சிட்டுத்தான் எடுத்தோம்.”